குடற்புற்று: கேட்கக் கூசும் கேள்விகள்

நோய்களிலும் நாலு பேர் முன் சொல்லத்தக்கவை, சொல்லத்தகாதவை என்ற பாகுபாடு நம் வீடுகளில் இருந்து வருகிறது. நெஞ்சுவலி என்றால் தெருவே வந்து விசாரிக்கும். நீரிழிவு என்றால் திண்ணையில் இருப்பவர்கூடப் பத்தியம் சொல்லுவார். மலத்துடன் இரத்தம் போகிறது என்பதையோ மனைவி கணவனிடமும் சொல்லமாட்டாள். தகப்பன் மகனிடமும் சொல்லமாட்டான். பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய் இந்தக் கூச்சத்தின் மறைவிலேதான் வளர்கிறது. சிகிச்சை தொடங்கிய பிறகும் அக்கூச்சம் அகலுவதில்லை. டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேளாமல் வீடு திரும்பி, அயலார் சொன்ன அரைகுறைச் செய்தியை நம்பிப் பாதியில் சிகிச்சையைக் கைவிட்டவர்கள் உண்டு. அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து அவ்வப்போது நம் செவிக்கு எட்டிய வினாக்களை எடுத்துக்கொண்டு, இன்றைய வைத்திய அறிவு அவற்றுக்குக் கூறும் விடைகளை இங்கே எழுத முற்படுகிறோம். மலம், வாயு, ஆசனவாய் என்ற சொற்கள் இக்கட்டுரையில் தாராளமாக வரும்; வாசகர்கள் பொறுத்தருள்க.

சிறுகுடல் முடியும் இடத்தில் தொடங்கி ஆசனவாய் வரையில் செல்லும் பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது. அதன் கடைசிப் பகுதியாகிய 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளமே மலக்குடல். உட்சுவரில் மருவைப்போல் ஒரு சிறு தடிப்பு முதலில் உண்டாகிறது. இத்தகைய தடிப்புகள் எல்லாம் புற்றாக மாறிவிடுவதில்லை. மாறுகின்றவையும் அநேகமாகப் பல ஆண்டுகள், சில சமயம் பத்தாண்டுகள் வரையில் எடுத்துக்கொள்ளுகின்றன. ஆசனவாய் வழியே வளையும் குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்க்கும் கொலனாஸ்கோபி என்னும் பரிசோதனையில் அத்தடிப்பைக் கண்டு அப்போதே அகற்றிவிட்டால் நோய் வருமுன்னரே தடுத்ததாகும். 2022ஆம் ஆண்டில் உலகில் 19 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டது; ஏறக்குறைய 9 லட்சம் பேர் அதனால் மாண்டனர். மேல்நாடுகளில் உள்ள அளவுக்கு நம் நாட்டில் இது பரவியிருக்கவில்லை. ஆயினும், இங்கே நோய் காண்பவர்களில் மலக்குடலில் காண்பவர் பங்கும், ஐம்பது வயதை எட்டாதவர் பங்கும் அந்நாடுகளைவிட அதிகம். 2016ஆம் ஆண்டில் இந்திய அரசு வகுத்த புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றையே எடுத்துக்கொண்டது. எனவே குடலைப் பரிசோதிக்க வாருங்கள் என்று எவரும் வீடு தேடி வந்து அழைக்கப்போவதில்லை. உடல் காட்டும் குறிகளை நாமே கவனித்தாக வேண்டும்.

அக்குறிகளுள் முதன்மையானது இரத்தம். அதைக் கண்டவுடன் ‘மூலம்’ என்று தாமே பெயர் சூட்டிக்கொள்ளுவது நம்மவர் வழக்கம். தறியில் உட்கார்ந்தே இருப்பதால் வந்த சூடு என்று நெசவாளியும், வெயிலில் நின்றதால் வந்த சூடு என்று விவசாயியும் சொல்லிக்கொண்டு, கருணைக்கிழங்கும் மோரும் உண்டு ஆறு மாதம் போக்குவார்கள். பிறகு மூலத்துக்கு விளம்பரம் செய்பவரிடம் போய் இன்னும் ஒரு வருஷம். மூலமாகவே இருக்கலாம், பெரும்பாலும் மூலமாகவே இருக்கும். ஆனால் அதை முடிவு செய்யவேண்டியவர், கையுறை அணிந்த விரலை ஆசனவாயினுள் விட்டுப் பார்த்த டாக்டரே. ஒரு நிமிஷத்தில் முடியும் இப்பரிசோதனைக்குக் கருவி ஏதும் வேண்டுவதில்லை. மலக்குடற் புற்றுகளில் கணிசமானவை விரலுக்கே எட்டுகின்றன. இரத்தத்தோடு, வழக்கமாக இருந்த மலப்போக்கு சில வாரங்களாக மாறியிருத்தல், போய் வந்த பிறகும் இன்னும் போகவேண்டும் போன்ற உணர்ச்சி, காரணமின்றி மெலிதல், காரணந்தெரியாத சோகை ஆகியவையும் கவனிக்கத்தக்கவை. வயது வந்த ஆண்மகனுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் இரத்தம் குறைந்தால் டானிக் வாங்கிக் கொடுத்து நிறுத்திவிடலாகாது. இரத்தம் எங்கே போகிறது என்று தேடவேண்டும்.

சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்கவேண்டும் என்றதும் எழும் அச்சம் ஒன்றுண்டு. கத்தி பட்டால் புற்று பரவும், காற்றுப் பட்டால் கிளைக்கும் என்பார்கள். இந்த அச்சம் எப்படிப் பிறந்தது என்று ஊகிக்க முடிகிறது. முற்றிய பிறகு வயிற்றைத் திறந்து பார்த்து, ஒன்றும் செய்வதற்கில்லை என்று மூடி அனுப்பப்பட்டவர்கள் சில வாரங்களில் இறந்ததைக் கண்ட ஊரார், கத்தியையே குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். துணுக்கு எடுத்துப் பாராமல் இது புற்றுதானா, எவ்வகைப் புற்று என்று துணிவதற்கில்லை. துணியாமல் மருந்து கொடுப்பதற்குமில்லை. நோய் குடற்சுவரோடு நிற்கிறதா, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் சென்றுவிட்டதா என்பதைக் கொண்டு படி வகுக்கும் முறையை 1932இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த கத்பர்ட் டியூக்ஸ் வெளியிட்டார். இன்றைய முறைகள் அதனினும் நுட்பமானவை. எனினும் அடிப்படை அதுவே. குடலைக் கடவாத நிலையில் கண்டவர்களில் 100க்கு ஏறக்குறைய 90 பேர் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிர் வாழ்கின்றனர் என்று அமெரிக்கக் கணக்குகள் காட்டுகின்றன. ஈரலுக்கோ நுரையீரலுக்கோ சென்றுவிட்ட நிலையில் அத்தொகை 100க்கு 20 பேரைக்கூட எட்டவில்லை. மூலம் என்று எண்ணிக் கழித்த வருஷங்களின் விலை இது.

இனி, ஆண்களும் பெண்களும் ஒருங்கே அஞ்சும் கேள்விக்கு வருவோம். ‘வயிற்றில் பை வைத்துவிடுவார்களா?’

உயிர் பிழைக்கும் என்று சொன்ன டாக்டரிடம், ‘பையோடு வாழ்வதைவிடப் போய்ச் சேரலாம்’ என்று சொல்லி எழுந்து வந்தவர்கள் உண்டு. ஆகையால் இதைச் சற்று விரித்து எழுதுகிறோம். 1908இல் லண்டன் வைத்தியர் எர்னஸ்ட் மைல்ஸ், மலக்குடலையும் ஆசனவாயையும் முழுவதும் அகற்றிக் குடலின் நுனியை வயிற்றின் மீது நிரந்தரமாகத் திறந்துவிடும் ரண சிகிச்சையை விவரித்தார். அத்திறப்பைக் குடல்வாய் என்று நாம் குறிப்போம். ஆஸ்பத்திரியில் ஸ்டோமா என்பர். அதற்குப் பின் பல பத்தாண்டுகள் மலக்குடற் புற்றென்றால் பெரும்பாலோருக்கு அதுவே கதியாக இருந்தது. இன்று நிலைமை அதுவன்று. குடலின் இரு முனைகளையும் ஆழத்திலேயே இணைக்கும் தைப்புக் கருவிகள் 1970க்குப் பின் பரவலாயின. இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்னும் ஊரின் பில் ஹீல்ட், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழியாமல் ஒரே பொட்டலமாக எடுக்கும் முறையை 1982இல் வெளியிட்டார். அம்முறை பரவிய இடங்களில் அதே இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. கதிர்வீச்சும் மருந்தும் முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பின்பு எடுப்பதும் உண்டு. இவற்றின் பயனாக, ஆசனவாயை மூடித் திறக்கும் தசையில் புற்று ஊடுருவியிருந்தாலன்றி, அதைக் காப்பாற்றிக் கொடுக்கவே வைத்தியர்கள் முயலுகின்றனர். பெருங்குடலின் மேற்பகுதியில் வரும் புற்றுக்கு அநேகருக்குப் பையே வேண்டுவதில்லை.

தாற்காலிகப் பை என்று ஒன்றுண்டு. ஆழத்தில் தைத்த இணைப்பு ஆறும் வரையில் மலம் அவ்வழி செல்லாதிருக்கும் பொருட்டுச் சிறுகுடலின் ஒரு மடிப்பை வயிற்றின் மீது திறந்து வைப்பார்கள். சில மாதங்களில், மருந்து ஊசிகள் மீதமிருந்தால் அவை முடிந்தபின், அதை மூடிவிடுவார்கள். குடும்பத்தார் கேட்க வேண்டியது ‘பை உண்டா, இல்லையா’ என்பது மட்டுமன்று. ‘தாற்காலிகமா, நிரந்தரமா, தாற்காலிகமானால் எப்பொழுது மூடுவீர்கள், மூடமுடியாமற் போவதற்கு என்ன காரணங்கள் உண்டு’ என்று கேட்டறிய வேண்டும். இக்கேள்விகளை ரண சிகிச்சைக்கு முன்தினம் கேட்பதைவிட முதல் வாரமே கேட்பது நலம்.

பையைப் பற்றிய பயத்தில் பாதி, பழைய பையைப் பற்றியது. ரப்பரும் உலோகமும் துணிப்பட்டையுமாக, கசிந்து நாறிய சாதனங்களை அணிந்த காலம் ஒன்றிருந்தது. டென்மார்க்கு தேசத்தில் தோரா என்ற பெண் குடல்வாய் வைத்த பின் வெளியே செல்லவே அஞ்சி வீட்டில் அடைந்துகிடந்தாள். அவளுடைய சகோதரியும் நர்ஸுமான எலிசே சோரென்சன், தோலில் ஒட்டிக்கொண்டு, உபயோகித்த பின் எறிந்துவிடக்கூடிய பிளாஸ்டிக் பையை 1954இல் யோசித்துக் கண்டார். இன்று உலகெங்கும் வழங்கும் பைகள் அந்த யோசனையின் வழிவந்தவையே. 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் ஆஸ்பத்திரியில் ரூபர்ட் டர்ன்புல் என்னும் ரண சிகிச்சை நிபுணர், தாமே குடல்வாய் உடையவரான நார்மா கில் என்ற பெண்மணியை மற்ற நோயாளிகளுக்குக் கற்பிக்க நியமித்தார். குடல்வாய்ப் பராமரிப்பு ஒரு தனித் தொழிற்பயிற்சியாக வளர்ந்தது அதன் பிறகேயாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்பயிற்சி பெற்ற நர்ஸ் இருப்பார். அவரைக் கேட்டுச் சந்திக்காமல் ரண சிகிச்சைக்குப் படுக்கலாகாது.

ஏன் என்றால், குடல்வாயை எவ்விடத்தில் வைப்பது என்பது முன்கூட்டியே வயிற்றின் மேல் மையினால் குறிக்கப்பட வேண்டிய விஷயம். நோயாளி நின்றும், உட்கார்ந்தும், குனிந்தும் காட்ட, மடிப்பிலும் தழும்பிலும் விழாத, அவர் கண்ணுக்குத் தெரியக்கூடிய இடத்தைப் பார்த்துக் குறிப்பார்கள். இங்கேதான் நம் அங்கத்தினர் வாய் திறக்கவேண்டும். நகரத்து நர்ஸுக்குக் குழித்தறி தெரிந்திருக்க நியாயமில்லை. குழியில் கால் விட்டு, நெய்த துணி சுற்றும் மரம் வயிற்றை ஒட்டி நிற்க, முன்சாய்ந்து நாள் முழுவதும் மிதிப்பவர் என்று சொல்லுங்கள். கட்டிலின் விளிம்பில் அதேபோல் உட்கார்ந்து காட்டுங்கள். வேட்டி கட்டும் இடம், அரைஞாண் கயிறு ஓடும் இடம், பெண்களானால் பாவாடை நாடா இறுகும் இடம், கொசுவம் செருகும் இடம் ஆகியவற்றையும் காட்டுங்கள். மருந்து தெளிக்கும் இயந்திரத்தை முதுகில் சுமப்பவர் அதன் பட்டை எங்கே படும் என்று கூறட்டும். இரண்டு அங்குலம் மேலோ கீழோ குறித்துவிடுவதால், பின்னர் ஆயுள் முழுவதும் தறியில் உட்காரும்போதெல்லாம் பை பெயர்ந்து கசிவதும், கசியாதிருப்பதும் தீர்மானமாகிவிடுகிறது. அவசரமாக, குடல் அடைத்துக்கொண்டு வந்து சேருபவருக்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை. காலத்தோடு வருவதன் லாபங்களில் இதுவும் ஒன்று.

வீட்டுக்கு வந்த பின் எழும் ஐயங்கள் பல. குடல்வாய் வாயின் உட்புறம்போல் சிவந்து ஈரமாக இருப்பதே முறை. தொட்டால் வலி தெரியாது. துடைக்கையில் ஒரு துளி இரத்தம் கசிவது சகஜம். கறுத்துப்போனாலோ, நெடுநேரம் ஒன்றும் வெளிவராமல் வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். முதல் ஆறு எட்டு வாரங்களில் அது சுருங்குமாதலால், ஒட்டும் தகட்டில் வெட்டும் துளையை அவ்வப்போது அளந்து சிறிதாக்க வேண்டும். இதை அறியாமல் முதல்நாள் அளவையே வெட்டிக்கொண்டிருப்பதுதான் தோல் வெந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் வெறுமையாக்கிவிடலாம். குளிக்கலாம். பயணம் செய்யலாம். நன்றாக ஒட்டிய பையிலிருந்து நாற்றம் வெளிவருவதில்லை. மேல் ஆடைக்கு அடியில் அது இருப்பது பிறருக்குத் தெரிவதுமில்லை. கோயிலுக்குப் போகலாமா, பூஜை செய்யலாமா என்று ஒரு மூதாட்டி மிக மெதுவாகக் கேட்டார். வயிற்றினுள் எல்லோரும் சுமப்பதை அவர் ஒரு மூடிய பையில் சுமக்கிறார்; அவ்வளவே என்பது நம் எண்ணம்.

நம் சித்திரை வைகாசி வெயிலில் வியர்வையினால் தகடு விரைவில் பெயரும் என்பது உண்மை. அக்காலத்தில் மாற்றும் நாட்களை நெருக்கிக்கொள்ள வேண்டும். சேமித்து வைத்த பைகளை ஓட்டுக் கூரையின் அடியில் வெப்பத்தில் வைக்காமல் நிழலான இடத்தில் வைக்கவேண்டும். சிறுகுடலில் திறப்பு உள்ளவர்கள் மற்றொன்று அறியவேண்டும். நீரையும் உப்பையும் உறிஞ்ச வேண்டிய பெருங்குடலை அவர்களுடைய உணவு தாண்டிவிடுவதால், உடல் விரைவில் வறண்டுபோகும். வெறும் தண்ணீர் மட்டும் குடிப்பது போதாது; உப்புச் சேர்ந்த கஞ்சியும், கடைகளில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் வேண்டும். சிறுநீர் குறைந்து, தலை சுற்றி, கால் குறக்களி இழுத்தால் தாமதிக்கலாகாது. முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய், வேர்க்கடலை போன்றவை திறப்பில் அடைத்துக்கொள்ளக்கூடுமாதலால் முதல் சில வாரங்கள் தவிர்த்து, பிறகு நன்றாக மென்று உண்ணவேண்டும்.

எடை தூக்குவதைப் பற்றி: ரண சிகிச்சைக்குப் பின் ஆறு எட்டு வாரங்களுக்குத் தண்ணீர்க் குடமோ, நூல் மூட்டையோ, நெல் மூட்டையோ தூக்கலாகாது. குடல்வாய் உள்ளவருக்கு அதன் அருகே குடல் பிதுங்கும் அபாயம் எப்பொழுதும் உண்டாகையால் அதற்குப் பின்னரும் பெருஞ்சுமை வேண்டாம். தறி மிதிப்பது வேறு. டாக்டர் இசைந்தபின் சிறிது சிறிதாகத் தொடங்கலாம்.

மருந்துச் சிகிச்சையைப் பற்றி முடி உதிருமா என்பதே முதற்கேள்வியாக வருகிறது. இந்நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் முடி மெலியுமேயன்றிப் பெரும்பாலோருக்கு முழுவதும் உதிர்ந்துவிடுவதில்லை. நெசவாளர் கவலைப்படவேண்டியது முடியைப் பற்றியன்று. விரல் நுனியைப் பற்றி. 1957இல் சார்லஸ் ஹைடல்பர்கர் குழுவினர் வெளியிட்ட புளூரோயுரசில் என்னும் மருந்து இன்றளவும் இச்சிகிச்சைக்கு அடித்தளம். அதன் மாத்திரை வடிவைப் போன்றது கேப்சிடாபைன். இவற்றோடு ஆக்ஸாலிப்ளாட்டின் என்ற ஊசியும் பலருக்குச் சேர்க்கப்படுகிறது. அந்த ஊசி போட்ட சில நாட்களுக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டால் மின்சாரம் தாக்கினாற்போல் விரல் கூசும். தண்ணென்ற நீரைக் குடித்தால் தொண்டை இறுகும். விடியற்காலையில் மடைதிறக்கச் செல்பவரும் குளிர்ந்த நீரில் கை நனைப்பவரும் அந்நாட்களில் அவ்வேலையைப் பிறரிடம் விடவேண்டும். இக்கூச்சம் தானே நீங்கும். ஆனால் ஊசிகள் ஏற ஏற விரல்களிலும் பாதங்களிலும் ஒரு மரமரப்புச் சேர்ந்துகொண்டு வரும். சிலருக்கு அது சிகிச்சை முடிந்த பின்னும் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நின்றுவிடும். எழுதுகோல் பிடிப்பவருக்கு இது தொந்தரவு. அறுந்த இழையைக் கண்ணால் பாராமல் விரலால் தேடி முடிபவருக்கோ பிழைப்பே போய்விடும்.

இதைப் புற்றுநோய் டாக்டரிடம் முதல் நாளே சொல்லவேண்டும் என்று வற்புறுத்துவதற்கு உறுதியான காரணம் இருக்கிறது. 12 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட பெருங்குடற் புற்று நோயாளிகளிடம் நடந்த ஆறு ஆராய்ச்சிகளின் முடிவு 2018இல் சேர்த்து வெளியிடப்பட்டது. ரண சிகிச்சைக்குப் பின் ஆறு மாதம் கொடுத்துவந்த மருந்தை மூன்று மாதத்தில் நிறுத்தினால் என்ன என்பதே கேள்வி. நிணநீர்க் கணுக்களில் குறைந்த அளவே பரவியவர்களில், கேப்சிடாபைனோடு சேர்த்துக் கொடுத்தால் மூன்று மாதம் ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய ஈடாயிற்று. மரமரப்பில் பெருத்த வித்தியாசம் கண்டது. ஆறு மாதம் எடுத்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கும், மூன்று மாதம் எடுத்தவர்களில் ஆறில் ஒருவருக்குமே குறிப்பிடத்தக்க அளவில் அது வந்தது. எல்லோருக்கும் மூன்று மாதம் போதும் என்று இதற்குப் பொருளன்று. நோய் அதிகம் பரவியவருக்கு ஆறு மாதம் வேண்டியிருக்கலாம். ‘நான் கைத்தறி நெசவாளி, என் விரல் உணர்ச்சி எனக்கு முதல்’ என்று சொன்னால் டாக்டர் அதையும் தராசில் வைத்துத் தீர்மானிக்க முடியும். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வோர் ஊசிக்கு முன்னும், சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா, ஊசியில் நூல் கோக்க முடிகிறதா என்று தாமே சோதித்துச் சென்று சொல்லவேண்டும். மருந்தை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து மறைப்பவர் பலர்.

கேப்சிடாபைன் உட்கொள்ளுபவருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிந்து உரியக்கூடும். மண்வெட்டி பிடிக்கும் கை இதைச் சாதாரணக் காய்ப்பென்று எண்ணிவிடும். அளவைக் குறைத்தோ சில நாள் நிறுத்தியோ டாக்டர் இதைச் சரிசெய்வார்; நோயாளி தாமாக நிறுத்தலாகாது. மருந்துக் காலத்தில் 100.4 டிகிரிக்கு மேல் ஜுரம் கண்டால் கஷாயம் வைத்துப் பார்க்காமல், இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் தொற்று மிக விரைவாக முற்றும்.

புற்றுக்கு மருந்து கண்டாயிற்று என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போடுவதைப் பார்த்து, ரண சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2022இல் நியூயார்க்கிலிருந்து வந்த செய்தி மெய்யே. டாஸ்டார்லிமாப் என்ற மருந்து கொடுத்த முதல் 12 மலக்குடற் புற்று நோயாளிகளிலும் கட்டி முற்றும் மறைந்தது. ஆனால் அவர்கள் அனைவரும் அணுக்களின் பழுதுநீக்கும் ஆற்றல் கெட்ட ஒருவகைப் புற்றினர். மலக்குடற் புற்றில் அவ்வகை 100க்கு 5 முதல் 10 பேருக்கே உண்டு. அவ்வகையா என்று சதைத்துணுக்கில் பரிசோதித்துச் சொல்லுங்கள் என்று கேட்பது நியாயம். வேறுபல நோயாளிகளில் கதிர்வீச்சும் மருந்துமே கட்டியை முற்றும் கரைத்துவிடும்போது, வெட்டாமல் நெருங்கிக் கண்காணித்து வரும் முறையைப் பிரேசில் நாட்டு வைத்தியை ஆஞ்ஜெலிட்டா ஹப்ர்-காமா 2004இல் எடுத்துரைத்தார். அதற்கு அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வந்துபோக வேண்டும். இரண்டு பஸ் மாறி வரவேண்டியவர்கள் அதை யோசித்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீட்டாரிடையே வரும் கேள்விகளில் கடினமானது, நோயாளியிடம் சொல்லலாமா என்பது. ‘அப்பாவுக்குத் தெரிந்தால் உடைந்துவிடுவார்’ என்று மகன் டாக்டரைத் தனியே அழைத்துக் கெஞ்சுவது எங்கும் காணும் காட்சி. அன்பினால் செய்வதே. ஆனால் இந்நோயில் அது நிற்காது. வயிற்றில் குடல்வாயோடு கண்விழிப்பவர், தம்மைக் கேளாமல் இதைச் செய்துவிட்டார்கள் என்ற கோபத்தோடு விழிப்பார். பையைத் தொடமாட்டார், மாற்றவும் விடமாட்டார். குடும்பத்தார் கூடியிருக்க, டாக்டரின் வாயாலேயே, கேட்பவர் தாங்கும் அளவில் சொல்லச் செய்வது நல்லது. பெரும்பாலோர் முன்பே ஊகித்திருக்கிறார்கள்.

பெண்கள் விஷயம் வேறு விதமாக இருக்கிறது. தார் சுற்றவும், சமைக்கவும், மாடு கறக்கவும் தான் இல்லாவிட்டால் யார் என்று எண்ணி நோயைச் சொல்லாமலே இருந்துவிடுகிறாள். சொன்ன பின்னும் தீபாவளி உருப்படி முடியட்டும், அறுவடை முடியட்டும் என்கிறாள். கணவனுக்கு நோயென்றால் மனைவி பை மாற்றக் கற்றுக்கொள்ளுகிறாள். மனைவிக்கு நோயென்றால் கணவன் அறையை விட்டு வெளியே போய் நிற்கிறான். இதை எழுத நமக்கு மகிழ்ச்சியில்லை. நர்ஸ் கற்றுக்கொடுக்கும் நாளில் கணவன்மார் உள்ளே இருக்கட்டும்.

புற்று தொற்றாது. தட்டையும் டம்ளரையும் தனியே வைப்பதும், பேரப்பிள்ளைகளை அண்டவிடாதிருப்பதும் வேண்டாத கொடுமை. மருந்து ஏற்றிய இரண்டு நாட்களுக்கு மட்டும் நோயாளியின் மலசலத்தையும் வாந்தியையும் அகற்றுபவர் கையுறை அணிந்துகொள்ளட்டும். கருவுற்ற பெண் அவ்வேலையைச் செய்யவேண்டாம். உணவிலோ, சர்க்கரை புற்றை வளர்க்கும், பால் ஆகாது, முட்டை ஆகாது என்று ஆளுக்கொன்று தள்ளிவைத்து, கடைசியில் நோயாளிக்கு ரசஞ்சோறு மட்டும் மிஞ்சுகிறது. மெலிந்த உடல் மருந்தையும் தாங்காது, புண்ணும் ஆறாது. பருப்பு, முட்டை, மீன், தயிர் முதலியவை, வயிறு ஏற்கும் வகையில் சிறுசிறு வேளைகளாகக் கொடுக்கப்பட வேண்டும். பச்சிலை மருந்து சாப்பிடுவோர் அதை டாக்டரிடம் ஒளிக்கலாகாது. சிகிச்சையை நிறுத்திவிட்டு அதை நம்புவதோ உயிரைப் பணயம் வைப்பதாகும்.

தாம்பத்தியத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ஆகவே நாமே எழுதுகிறோம். மலக்குடலை ஒட்டி ஓடும் நுண்ணிய நரம்புகள் ரண சிகிச்சையிலும் கதிர்வீச்சிலும் சேதமடையக்கூடும். ஆண்களுக்கு ஆண்மைக் குறைவும், பெண்களுக்கு வறட்சியும் வலியும் நேரலாம். இவற்றுக்கு உதவும் சிகிச்சைகள் உள்ளன. இளவயதினர் பிள்ளைப்பேற்றை எதிர்நோக்குவாரானால், கதிர்வீச்சு தொடங்கும் முன்பே சொல்லவேண்டும். ஆண் விந்தைச் சேமித்து வைக்கலாம். பெண்ணுக்கு இடுப்பில் கதிர்வீச்சு மாதவிலக்கையே நிறுத்திவிடக்கூடும். தொடங்கிய பின் சொல்லிப் பயனில்லை.

ஆசனவாய் காப்பாற்றப்பட்டவருக்கு எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்ற எதிர்பார்ப்பும் சரியன்று. மலத்தைத் தாங்கி வைத்த இடம் போய்விட்டதால், ஒரு மணி நேரத்துக்குள் நாலைந்து தடவை போவது, அடக்க முடியாத அவசரம், வாயுவென்று நினைத்து மலம் கசிவது ஆகியவை முதல் வருஷத்தில் சகஜம். ஒன்றிரண்டு ஆண்டுகளில் அநேகருக்கு இது தணியும். இடுப்படித் தசைப் பயிற்சியும் மலத்தை இறுக்கும் மாத்திரைகளும் உதவும். நோய் திரும்பிவிட்டது என்று நடுங்குபவர்களும், வெட்கத்தால் விசேஷங்களுக்கே போகாமல் நின்றுவிட்டவர்களும் இதை டாக்டரிடம் கூறினால் நிவாரணம் உண்டு.

திரும்பி வருமா என்ற கேள்விக்கு உறுதி கூற எவராலும் இயலாது. முதல் இரண்டு ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கொரு முறையும், ஐந்தாண்டு வரை ஆறு மாதங்களுக்கொரு முறையும் டாக்டரைப் பார்த்து, சி.இ.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஸ்கேனும், ஓராண்டு முடிவில் கொலனாஸ்கோபியும் உண்டு. உடம்பு நன்றாயிருக்கிறதே என்று இவற்றை விட்டுவிடுபவர் பலர். ஈரலில் ஒன்றிரண்டு புள்ளிகளாகத் திரும்பும்போதே கண்டால் அதையும் வெட்டி எடுத்து நெடுநாள் வாழ்வோர் இருக்கின்றனர். நோயாளியைப் படுக்கையிலேயே வைத்துப் பேணுவது அன்பென்று கருதும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. பெருங்குடற் புற்றுக்கு மருந்து முடித்த 889 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2025இல் வெளிவந்தது. மூன்றாண்டுகள் பயிற்சியாளர் மேற்பார்வையில் உடற்பயிற்சி செய்துவந்தவர்களில் ஐந்தாண்டு முடிவில் 100க்கு 80 பேர் நோயின்றி இருந்தனர். அறிவுரைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 74 பேர். அவர்கள் செய்ததில் பெரும்பகுதி விரைந்த நடையே.

செலவைப் பற்றிச் சில வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு. ரண சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து மூன்றும் அதில் அடங்கும். அட்டை இல்லாதவர் நோய் வரும்வரை காத்திராமல், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று எடுத்துக்கொள்ளலாம். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையமும், நெசவூராகிய காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையிலுள்ள அரசு அண்ணா நினைவுப் புற்றுநோய் ஆஸ்பத்திரியும் நம்மவர் பலர் சென்றுவரும் இடங்கள். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன்செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்குரிய படிவத்தில் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். பைகளின் மாதச் செலவு எவ்வளவு, எங்கே குறைந்த விலையில் கிடைக்கும், தாற்காலிகப் பைக்கு எத்தனை மாதம் வேண்டும் என்பவற்றை வீடு திரும்பும் நாளன்றே நர்ஸிடம் எழுதி வாங்கிக்கொள்வது நன்று. பை தீர்ந்த பின் பிளாஸ்டிக் உறையைக் கயிற்றால் கட்டிச் சமாளித்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

நோயாளியின் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் தமக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிடலாகாது. அவர்கள் 40ஆவது வயதிலோ, நோயாளிக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவோ, இவற்றில் எது முந்தியதோ அப்பொழுது கொலனாஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்பது வைத்தியர் கொள்கை. தமையனுக்கு 45இல் கண்டதென்றால் தம்பிக்கு 35இல். ஒரே குடும்பத்தில் மூவருக்குக் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்திருக்குமானால், அப்பெயர்களையும் வயதுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுங்கள்.